ஜூஸ் அப்பாவின் கை

பஸ் நிலையத்தின் பின்வாசலில் எலுமிச்சை ஜூஸ் விற்கிறவனுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் புளிப்பு. விற்கிற சரக்கை வைத்து வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை, அது முகத்தைப் பார்த்து வைத்த பெயர். பிறந்த அன்றே யாரோ திட்டிவிட்ட மாதிரி ஒரு முகம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் துக்கம் விசாரிக்க வந்தவன் போலத்தான் நிற்பான். "யோவ் புளிப்பு, ஒரு தடவை சிரிச்சா பழமெல்லாம் அழுகிப் போயிடுமா?" என்று ஒரு டிரைவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "ஐஸ் போடவா, வேணாமா?" என்பதுதான் அவன் பதில்.

அவன் மனைவி தையல் கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டுகிறவள். சட்டைகளுக்குப் பட்டன் துளை போடுவது வேலை. காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் கை நீட்டுகிற ரகம். கன்னம் வீங்கிப் போய் வேலைக்கு வருவாள். என்ன ஆச்சு என்று கேட்டால், குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்பாள். அவளைப் போல அத்தனை தடவை வழுக்கி விழுந்தவள் அந்தக் கம்பெனியிலேயே கிடையாது. சொந்த அண்ணனிடமும் அதையேதான் சொன்னாள். கடைசியில் அந்த ஆள் ஒரு நாள் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அழுதாள்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அசந்து தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகுதான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னாள். அப்போது பிள்ளைக்கு மூன்று வயது.

கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போக அவள் பஸ் மாறுகிற இடம் அந்தப் பின்வாசல். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவளுக்குப் புளிப்பு தன் ஸ்டூலை எடுத்துப் போடுவான். பேச்சு கிடையாது. பல மாதம் ஸ்டூல் போட்ட பிறகு ஒரு நாள், ஐஸ் போடவா என்று கேட்கிற அதே குரலில், "எனக்கும் யாரும் இல்ல, உனக்கும் துணை இல்ல. யோசிச்சுச் சொல்லு" என்றான். அண்ணன் கொத்தனார். விஷயம் காதுக்கு வந்ததும் தாம்தூம் என்று குதித்தார். "அந்த மூஞ்சியைப் பாத்துமா உனக்குப் புத்தி வரல? சிரிக்காதவனை நம்பவே கூடாது" என்றார். முதல் புருஷன் வாய் நிறையச் சிரிக்கிறவன். அதை அவள் அண்ணனுக்கு ஞாபகப்படுத்தவில்லை. கல்யாணம் செய்துகொண்டாள்.

பிள்ளை அவனை ஜூஸ் அப்பா என்று கூப்பிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் அவன் முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகும். அதைச் சிரிப்பு என்று சொன்னால் டிரைவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவள் ஒத்துக்கொள்வாள்.

இனி அவன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடைகளில் மெஷின் வைத்துப் பிழிகிறார்கள். அவன் கையால்தான் பிழிவான். "மெஷின் தோலையும் சேர்த்து நசுக்கிடும். கசப்பு இறங்கிடும்" என்பான். பழத்தை அறுத்து உள்ளங்கையில் வைத்து ஒரே அழுத்து. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் கைகள் எலுமிச்சையிலேயே ஊறும். நக ஓரங்கள் வெடித்திருக்கும். புறங்கையில் அங்கங்கே கறுப்புத் திட்டுகள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சாறு வழிந்த தடம் போலவே, கோடு கோடாகக் கறுப்பு. வெயிலில் நிற்கிற தொழில், கறுக்கத்தான் செய்யும் என்று அதை அவன் கண்டுகொண்டதில்லை.

பின்வாசலில் குழாய் கிடையாது. கேனில் தூக்கி வருகிற தண்ணீர் ஜூஸுக்கும் டம்ளர் கழுவுவதற்குமே இழுபறி. அதனால் கை அழுக்கானால் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலை எடுத்து, சோப்பு மாதிரி உள்ளங்கை, விரல் இடுக்கு எல்லாம் பரபரவென்று தேய்த்துத் துண்டில் துடைத்துக்கொள்வான். யாராவது முகம் சுளித்தால், "பாத்திரத்துக் கறையையே எடுக்குற சாமான் இது. இதுக்கு மேல என்னத்தைப் போட்டுக் கழுவுறது?" என்பான். பிள்ளை விஷயத்தில் இன்னும் கெடுபிடி. காசு, நோட்டு, பஸ் கம்பி எல்லாம் பிடித்த கையால் அவளைத் தொடவே மாட்டான். ஒரு தோலுக்கு இரண்டு தோல் எடுத்துத் தேய்த்துவிட்டுத்தான் தூக்குவான். சுத்தத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

பிள்ளைக்கு ஆறு வயதான கோடையில் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவள் கம்பெனிக்குப் போகும்போது பிள்ளையைக் கடையில் விட்டுவிட்டுப் போனாள். பின்வாசலை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா, அதில் ஒரே ஒரு ஊஞ்சல், நிழல் என்று பேருக்குக்கூட ஒரு மரமில்லை. வெக்கைக்குக் கையில்லாத, முதுகு இறங்கிய ஒரு கவுன் போட்டுக்கொண்டு பிள்ளை நாள் முழுக்க அங்கேதான். "ஜூஸ் அப்பா, தூக்கி உக்கார வை!" என்று கத்தினால் அவன் கத்தியைக் கீழே வைப்பான், கையைத் தேய்ப்பான், துடைப்பான், போய்த் தூக்கி உட்காரவைத்து முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டு வருவான். வாடிக்கையாளர்கள் டம்ளருக்குக் காத்திருப்பார்கள்.

கம்பெனிக்கு வார விடுமுறை வந்த ஒரு நாள், அவன் கடைக்குப் போன பிறகு, அவள் நிதானமாகப் பிள்ளையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் அவசர அவசரமாக இரண்டு செம்பு ஊற்றித் துடைத்துவிடுவதுதான். முதுகில் சோப்பு போட்டுத் தண்ணீரை ஊற்றியதும் அவள் கை நின்றுவிட்டது. பிள்ளையின் இரண்டு விலாவிலும், தோள்பட்டைக்குக் கீழேயும், பழுப்பு நிறத்தில் தடம். அழுக்கென்று தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. ஒரு பக்கம் நாலு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. பெரிய ஆளின் விரல்கள்.

"இது யாரு கைடி?" என்றாள்.

பிள்ளை கழுத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றது. "ஜூஸ் அப்பா கை."

"அடிச்சாரா?"

"இல்லையே. தூக்குனாரு."

"வலிச்சுதா?"

"இல்லம்மா. தண்ணி ஊத்து, குளிருது."

அடிப்பவனைக் காப்பாற்றுகிற பதில் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே வருஷக்கணக்கில் அதைச் சொல்லி வந்தவள். இல்லையே என்று பிள்ளை சாதாரணமாகச் சொன்னதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

அவன் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "பாப்பாவை அடிச்சீங்களா?"

"நான் ஏன் அடிக்கப் போறேன்?" என்று பையை ஆணியில் மாட்டினான். அவள் பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, தன் கையை மெதுவாக அந்தத் தடத்தின்மேல் வைத்தான். விரலுக்கு விரல், அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். முகம் செத்துவிட்டது.

"என் கைதான்" என்றான். "ஆனா நான் அடிக்கல. தூக்கும்போது இறுக்கிப் பிடிச்சிட்டேனோ என்னவோ... எனக்குத் தெரியலையே."

அந்தக் கடைசி வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. முதல் புருஷனும் போதை தெளிந்த பிறகு அதையேதான் சொல்வான்: எனக்கு எதுவும் தெரியலையே. இவன் குடிக்கிறவன் இல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. இரண்டு துணிப்பையில் துணியை அடைத்தாள், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள், சண்டையில் ஏதாவது வெளியே வந்திருக்கும். அவன் கதவோரம் நின்று இரண்டு கையையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் வீட்டில் நடந்ததைக் கேட்கவே வேண்டாம். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நேரே போய் அந்த ஜூஸ்காரன் கையை ஒடித்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். அண்ணிதான் பிடித்து உட்காரவைத்தாள். தங்கைக்காரி ஒரு மூலையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மனதில் ஓடியது இதுதான்: அவன் அடித்திருந்து, அவள் நம்பிப் போனால் பிள்ளை பாழ். அவன் அடிக்காமலிருந்து, அவள் நம்பாமல் விட்டால் ஒரு நல்ல மனுஷன் பாழ். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் அவள் பிள்ளையைத்தான் பார்ப்பாள். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க விசாரிக்கச் சொன்னாள். அவனைப் பற்றி அதோடு பேச்சை விட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து அவள் தலை குளித்துவிட்டு முடியை முன்பக்கம் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த அண்ணி, "ஐயையோ!" என்று அலறினாள். "அடிப்பாவி, உன்னையுமா? எதுக்குடி இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்த?"

"என்ன அண்ணி?"

"என்னவா? கழுத்தைப் பாரு!"

தன் பிடரியைத் தானே எப்படிப் பார்ப்பது? அண்ணி ஒரு கண்ணாடியைப் பின்னால் பிடித்து, இன்னொன்றைக் கையில் கொடுத்தாள். பிடரிக்கு ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல். அதே பழுப்பு. கழுத்தைப் பிடித்து நெரித்தவன் விட்டுப்போன தடம் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். அண்ணன் ஓடி வந்து பார்த்துவிட்டு அப்படியேதான் சொன்னார்.

அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கழுத்தை யாரும் நெரிக்கவில்லை என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளையைக் குளிப்பாட்டிய விடுமுறைக்கு முந்தின விடுமுறையன்று கடைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். காஜா மெஷினில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது, திரும்ப முடியவில்லை. அவன் எலுமிச்சைத் தோலில் கையைத் தேய்த்து, துடைத்து, "குனி" என்று சொல்லிப் பிடரியைப் பிடித்து நீவிவிட்டான். நட்டநடுப் பகலில், அத்தனை பேர் பார்க்க. "புளிப்பு, எனக்கும் கழுத்து வலிக்குதுய்யா!" என்று டிரைவர் கத்தினார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷமாகவும் இருந்தது. கொண்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்தே போனாள். அவ்வளவுதான் நடந்தது.

"அண்ணா, என்னை யாரும் அடிக்கல" என்றாள்.

"ஆமா, அடிக்கல. முன்ன ஒருத்தன் இருந்தானே, அவனும்தான் அடிக்கல. நீயாதானே வழுக்கி விழுந்த?"

பொய் சொன்ன காலமெல்லாம் அண்ணன் நம்பினார். உண்மை சொல்லும்போது நம்பவில்லை. அண்ணன் பேரில் தப்பும் இல்லை. ஆனால் அவருக்கு எது இரண்டாவது குற்றமாகத் தெரிந்ததோ அதுதான் அவளுக்கு அவனை விடுவித்தது. அடிக்காத கழுத்தில் தடம் வரும் என்றால் அடிக்காத முதுகிலும் வரும். எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுத்திப் பார்த்தாள், வலிக்கவில்லை. அடிபட்ட இடம் எப்படி நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகிப் போகும் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? இது அப்படி எதுவும் ஆகாமல் தேநீர்க் கறை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. இதை முதல் நாளே யோசிக்காமல் போனேனே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"பெரிய ஆஸ்பத்திரியில தோல் டாக்டர்கிட்ட காட்டப் போறேன்" என்றாள்.

"நானும் வர்றேன். டாக்டர் வாயாலேயே கேட்டுட்டு அப்புறம் அவனைக் கவனிச்சுக்குறேன்" என்று அண்ணனும் கிளம்பினார்.

தோல் டாக்டர் வயதான அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பிள்ளையின் முதுகையும் அவள் கழுத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் நீவினார். அண்ணன் பொறுக்க முடியாமல், "நல்லா பாருங்க டாக்டர், விரல் அப்படியே பதிஞ்சிருக்கு. மிருகம் மாதிரி அடிச்சிருக்கான்" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை, மேஜையில் ஊன்றியிருந்த அவர் கைகளைப் பார்த்தார். "நீங்க சிமெண்ட் வேலையா?"

"ஆமா, கொத்தனார். அதுக்கென்ன?"

"விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கு. ராத்திரியில அரிப்பு தாங்காதே?"

அண்ணன் கையை மடக்கிக்கொண்டார். "அது தொழில்ல வர்றது."

"தொழில்ல வர்றதைத்தான் நான் காலையிலேருந்து பாத்துட்டு இருக்கேன். சிமெண்ட் உங்க தோலுக்கு ஒத்துக்கல. கையுறை போடாம விட்டீங்கன்னா சாந்துக் கரண்டி பிடிக்க முடியாமப் போயிடும்" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "இந்தக் கைக்குச் சொந்தக்காரர் என்ன வேலை பாக்குறாரு?"

"ஜூஸ் கடைங்க."

"எலுமிச்சையா?"

"ஆமாங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார். "அடி எதுவும் இல்லம்மா. எலுமிச்சைத் தோல்ல இருக்குற எண்ணெயும் சாறும் உடம்புல பட்டு, அதைக் கழுவாம வெயில்ல நின்னா, பட்ட இடம் மட்டும் வெந்து இப்படிக் கறுத்துடும். வெறும் சாறு இப்படிப் பண்ணாது, வெறும் வெயிலும் இப்படிப் பண்ணாது. ரெண்டும் சேரணும். அன்னைக்கே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதனாலதான் யாருக்கும் எதனாலன்னு புரியறதில்ல. அவர் கையிலயும் இருக்கும், பாருங்க. வெயில் படாம மூடி வைங்க, சில மாசத்துல தானா போயிடும். அவரைச் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்க. அது போதும்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசல் வரை முன்னால் நடந்தார். பிறகு, "எதுக்கும் அவன்கிட்ட கண்டிச்சுச் சொல்லு" என்றார். எதைக் கண்டிப்பது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் நேரே கடைக்குப் போனாள். கூட்டம் இல்லாத நேரம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பழங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்தான், ஆனால் பக்கத்தில் வரவில்லை. அவள் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். அவன் தன் முழங்கையில் இருந்த கறுப்புக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்தமா இருக்கணும்னுதானே தேய்ச்சேன்" என்றான். "தேய்க்காமத் தூக்குனதே இல்லையே."

"தெரியும்."

அவனுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "உன் கழுத்துல மட்டும் வராம இருந்திருந்தா?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதில் பழக்கமும் உண்டு. "வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

அவன் தலையாட்டினான். "சரிதான். நானே என்னை நம்பலையே, நீ எப்படி நம்புவ? நீ போனதுக்கப்புறம் பழ மூட்டையைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு இருந்தேன், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறேன்னு." அதைச் சொல்லும்போது அந்தப் புளித்த முகம் குழந்தை முகம் மாதிரி கோணிக்கொண்டு போயிற்று. பஸ் நிலையத்தில் யாரும் பார்த்திராத முகம். அவள் அவனை மறைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவன் கேனிலிருந்து தாராளமாகத் தண்ணீர் எடுத்து, டம்ளர் கழுவுகிற சோப்பைப் போட்டு முழங்கை வரை கழுவினான். பிள்ளைக்கு இந்தக் கதை எதுவும் பிடிபடவில்லை. ஊஞ்சல் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஜூஸ் அப்பா, தூக்கு!" என்று இரண்டு கையையும் உயர்த்தியது. அவன் குனிந்தான், பாதியில் நின்றான், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டிய பிறகுதான் தூக்கினான்.

மழை பிடிப்பதற்குள் முதுகுத் தடமும் கழுத்துத் தடமும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. பின்வாசலுக்கு இப்போது தினம் ஒரு கேன் அதிகமாகத் தண்ணீர் வருகிறது. அண்ணன் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். ஒரு நாள் வந்து ஜூஸ் குடித்துவிட்டு உப்பு கம்மி என்று குறை சொல்லிவிட்டும் போனார், மன்னிப்பு என்றால் அவருக்கு அவ்வளவுதான் வரும். ஆனால் புளிப்பு இன்னும் பிள்ளையைத் தூக்குமுன் ஒரு தடவை மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். அவளுக்கு அது தாங்கவில்லை. "உங்க பொண்ணுதானே, என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்று ஒரு நாள் கோபமாகவே கேட்டாள். "இருக்கட்டும்" என்றான். மறுநாளும் பார்த்தான். அவளும் தலையாட்டினாள்.